வீட்டுக்குள் ஒரு ரப்பர்ச் செடி



தோட்டத்து லயன் வீட்டை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்த தாய்மார்கள் பலர், ஒரு செடி வைக்கக்கூட வாசல் இல்லையே என்று குறைப்படுவதுண்டு. வாசல் இல்லாவிட்டாலும் சன்னல் இருக்கிறதல்லவா? அகன்ற இலைகளையுடைய சில செடிகள் சன்னலோரத்திலேயே ஆள் உயரத்துக்கு வளரும். அவற்றுள் நமக்கு மிகவும் ஏற்றது ரப்பர்ச் செடி என்பேன்.

செடிக்கடையில் இந்தப் பெயரைச் சொன்னால், தடித்துப் பளபளக்கும் நீண்ட இலைகளுள்ள ஒரு செடியைக் கொடுப்பார்கள். காலமெல்லாம் மரம் சீவிய நம் பெரியவர்கள் அதைப் பார்த்து, இதுவா ரப்பர் என்று சிரிப்பார்கள். அவர்கள் சிரிப்பதும் நியாயமே. நாம் சீவும் பால்மரம் அமேசான் காட்டுக்குரியது. லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 1877ஆம் ஆண்டில் 22 கன்றுகளாகச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தது. அது ஆமணக்கு, மரவள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தொட்டியில் வளரும் இதுவோ ஆலமரத்துக்கு உறவு. அசாம் முதல் மலாயா, ஜாவா வரை காட்டில் தானே வளர்வது. மலாய்க்காரர்கள் இதை ரம்போங் என்பர். பால்மரம் பரவுவதற்கு முன்னர் இந்த மரத்திலிருந்துதான் இப்பக்கங்களில் ரப்பர் எடுத்தார்கள்.

வீட்டுக்குள் இதற்கு வெளிச்சம் வேண்டும். பகலில் விளக்குப் போடாமல் நாளிதழ் படிக்க முடிகிற இடமே சரியான இடம். சன்னலிலிருந்து கை நீட்டும் தூரத்துக்கு அப்பால் வைக்காதீர்கள். இலையில் தூசி படிந்தால் ஈரத்துணியால் துடைத்தால் போதும். பளபளப்புக்காக எண்ணெய் பூசுவது வீண் வேலை.

இனி, தண்ணீருக்கு வருவோம். வீட்டுச் செடிகள் தண்ணீர் இல்லாமல் சாவதைவிடத் தண்ணீர் மிகுந்து சாவதே அதிகம். வேருக்கும் காற்று வேண்டும். மண் எப்போதும் சேறாக இருந்தால் வேர் அழுகும், இலை மஞ்சளாகும். அதைக் கண்டு செடி வாடுகிறதே என்று மேலும் ஒரு வாளி ஊற்றுவோம், கதை முடிந்துவிடும். செம்பனை நாற்றுப் பைகளில் துளைகள் ஏன் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பால்மாவு டின்னில் செடி வைப்பவர்கள் அடியில் ஆணியால் ஐந்தாறு துளையிட வேண்டும். விரலை மண்ணுக்குள் இரண்டு கணு விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், ஈரமாயிருந்தால் விட்டுவிடுங்கள்.

தொட்டிக்கு அடியிலுள்ள தட்டில் தேங்கும் நீர் செடிக்கு மட்டும் கேடன்று. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய தெளிந்த நீரையே நாடும். முட்டை கொசுவாவதற்கு ஏழெட்டு நாள் போதும். ஆகவே வாரம் ஒரு முறையாவது தட்டைக் கவிழ்த்து, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். ஒட்டிக்கொண்ட முட்டைகள் காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மலேசியாவில் வீட்டில் கொசுப்புழு கண்டால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டமும் உண்டு.

செடி கூரையைத் தொட்டுவிட்டால் பதியன் போடலாம். மரம் சீவும்போது உள்மரத்தைக் காயப்படுத்தாமல் சீவுகிறோம். இங்கே அதற்கு நேர்மாறு: தண்டைச் சுற்றி ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை முழுவதும் உரித்து, வழியும் பாலைத் துடைத்துவிட்டு, நனைத்த தேங்காய் நாரை வைத்து பிளாஸ்டிக் தாளால் இறுகக் கட்ட வேண்டும். ஓரிரு மாதத்தில் வேர் தெரியும். அதற்குக் கீழே வெட்டி நட்டால் பக்கத்து வீட்டுக்கும் ஒரு செடி! பால் தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும், கை கழுவிக்கொள்ளுங்கள்.

தவழும் குழந்தை உள்ள வீட்டில் ஒரு செடியை மட்டும் கண்டிப்பாக வைக்கக்கூடாது. தடித்த தண்டும், பச்சை இலையில் வெள்ளைத் திட்டுகளும் கொண்ட டிஃபன்பாக்கியாதான் அது. சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தது. பச்சைச் சேம்பு கையை அரிப்பதைத் தாய்மார்கள் அறிவீர்கள். இதன் இலையிலும் தண்டிலும் அதைப் போன்ற ஊசிப் படிகங்கள் நிறைந்துள்ளன. குழந்தை கடித்துவிட்டால் வாய் எரியும், நாக்கு வீங்கும், எச்சில் ஒழுகும். உடனே வாயைத் துடைத்துக் கழுவி, குளிர்ந்த பாலோ நீரோ சிறிது கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். செடியின் ஓர் இலையையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூச்சுத் திணறினால் ஒரு நொடியும் தாமதிக்கக்கூடாது.