சுடுகாட்டு மல்லி தந்த மருந்து



பகலெல்லாம் நடவு நட்ட களைப்போடு வந்திருக்கிறீர்கள். நீட்டி முழக்கப் போவதில்லை.

புற்றுநோய் என்றால் புகையிலை போடும் கிழவருக்கு வருவது என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். குழந்தைக்கும் வரும். அபூர்வமாகத்தான் வரும், ஆனால் வரும். அது தாய் செய்த குற்றமல்ல, தலையெழுத்துமல்ல. பெரியவர்களுக்கு வருவதைவிடக் குழந்தைக்கு வருவது பல சமயம் நன்றாகவே குணமாகும்.

நம் பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தங்கையைப் புற்றுநோய் 1923-ல் கொண்டுபோயிற்று. அதை அவர் மறக்கவில்லை. 1954-ல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி எழுந்தது. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், மறு ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 1960-ல் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு கண்டார்கள். சாந்தா அந்த வளாகத்திலேயே குடியிருந்தார்; 2021 ஜனவரியில் மறைந்தார்.

வாய்க்கால் கரையிலும் சுடுகாட்டிலும் பூக்கிறதே நித்தியகல்யாணி, சுடுகாட்டு மல்லி என்கிறோமே, ஆடுகூட வாய் வைக்காதே, அதன் இலையிலிருந்துதான் வின்கிரிஸ்டின் என்ற மருந்து வந்தது. 1960-களிலிருந்து குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு அது முக்கியமான மருந்து. ஒரு கிராமுக்கு மூட்டை மூட்டையாக இலை வேண்டும். (இதைக் கேட்டுவிட்டு யாரும் கஷாயம் போட்டுவிடாதீர்கள். அது விஷச்செடி!)

மருந்து மட்டும் போதவில்லை. எந்த மருந்தை எப்போது, எவ்வளவு கொடுப்பது என்ற முறை வேண்டும். 1980-களின் நடுவில் சென்னை, மும்பை, டில்லி டாக்டர்கள் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தோடு சேர்ந்து ஒரே முறையைக் கையாண்டார்கள். அதற்குமுன் நூற்றுக்கு 20 குழந்தைகள்கூடத் தேறவில்லை. பிறகு 45 முதல் 60 வரை நான்காண்டு தாண்டி நோயின்றி வாழ்ந்தார்கள்.

மற்றவர்கள்? சிகிச்சையின்போது இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறையும்; அந்நேரம் தொற்று கண்டு இறந்த குழந்தைகள் உண்டு. நோய் முற்றி வந்தவர்கள் உண்டு. பாதியில் நின்றவர்களும் உண்டு. ஏன் நிற்கிறார்கள்? சிகிச்சை இரண்டு, இரண்டரை ஆண்டு நீளும். தாய் ஆஸ்பத்திரியில் இருந்தால் நடவுக் கூலி போயிற்று. தகப்பன் போனால் மில்லில் சம்பளம் போயிற்று. காய்ச்சல் விட்டதும், பிள்ளை ஓடியாடுகிறதே என்று ஊருக்கு அழைத்துவந்துவிடுகிறோம். அங்கேதான் மோசம் போகிறோம். வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும் நோயை அழிக்கத்தான் மீதி மாதங்களின் மருந்து.

தாய்மார்கள் கவனியுங்கள். மங்கிய வெளிச்சத்தில் குழந்தையின் கண்மணி பூனைக்கண்போல வெள்ளையாக மின்னினால், அன்றைக்கே கண் டாக்டரிடம் காட்டுங்கள். கண்ணுக்குள் வரும் கட்டியாக இருக்கலாம். முந்திப் பார்த்தால் உயிரோடு பல சமயம் பார்வையும் தப்பும். காரணமில்லாமல் வெளிறிப் போவது, விடாத காய்ச்சல், ஈறில் இரத்தம், வயிற்றில் கட்டி, இவை கண்டால் மந்திரித்து நாள் கடத்தாதீர்கள். முதலில் தஞ்சை இராசா மிராசுதார் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடங்கும். அட்டை இல்லாதவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். சிகிச்சைக்குப் போய்வர நோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழை ஆஸ்பத்திரியில் தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.