தீ வைத்துக் காக்கும் கரை



நார்வேயின் மேற்குக் கரையில், பெர்கன் நகருக்கு வடக்கே லிக்ரா என்று ஒரு தீவு. குளிர்காலம் கழிகிற நேரத்தில் அங்கே போனால், சிலர் புதர்வெளிக்குத் தீ வைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அந்த நிலத்தைக் காப்பாற்றுகிறவர்களே அவர்கள்தான்.

அங்கே தரையை மூடியிருப்பது ஹெதர் என்னும் குறுஞ்செடி. முழங்கால் உயரம், பொடி இலை, கோடை முடிவில் ஊதாப் பூ. ஆதியிலிருந்தே அப்படிக் கிடந்த நிலம் என்றுதான் தோன்றும். ஆனால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு, உழவர்கள் மரத்தை வெட்டி, எரித்து, ஆடு மேய்த்து உண்டாக்கிய வெளி அது. போர்ச்சுகல் தொடங்கி நார்வேயின் லோஃபோட்டன் வரை நீண்டிருந்த இத்தகைய வெளியில் பெரும்பகுதி இன்று இல்லை. மேய்ச்சல் நின்ற இடங்களில் ஜூனிபர் புதர் ஏறிவிட்டது. வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து நட்ட சிட்கா ஸ்ப்ரூஸ் மரமும் விதை பரப்பி உள்ளே நுழைந்துவிட்டது.

மீட்கும் வேலை, நுழைந்துவிட்ட மரங்களை அறுக்கும் ரம்பத்தில் தொடங்குகிறது. அது எளிது. அடுத்து வரும் தீதான் கலை. மேலே செடி காய்ந்திருக்க வேண்டும். அடியில் மண் ஈரமாகவோ உறைந்தோ இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து வாய்க்கும் நாட்கள் குறைவு. ஏப்ரல் 15க்குப் பிறகு திறந்தவெளியில் தீ மூட்டத் தடை வேறு. தீயணைப்பு நிலையத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, பாறையோ சதுப்போ கடலோ எல்லையாக அமையும் சிறு துண்டாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். காற்று போகும் பக்கத்து விளிம்பை முதலில் எரித்து வைத்துக்கொள்கிறார்கள். பிறகு எதிர்ப்பக்கம் தீ வைத்தால், அது ஓடிவந்து எரிந்த இடத்தில் தானே அடங்கும். தீ வேகமாக ஓடவேண்டும், நின்று எரியக்கூடாது. நின்றால் மண்ணுக்குள் இருக்கும் வேரும் விதையும் போய்விடும்.

எரிந்த இடத்தில் முதலில் புல் துளிர்க்கிறது, பின்னாலேயே இளம் ஹெதர். ஆடுகளுக்குப் புல் கோடைத் தீவனம், என்றும் பசுமையான ஹெதர் குளிர்காலத் தீவனம். வெவ்வேறு வயதுத் துண்டுகள் அடுத்தடுத்து இருப்பதால், பழைய நார்வே இனச் செம்மறிகள் ஆண்டு முழுக்க வெளியிலேயே மேய்கின்றன. கரையோர ஹெதரின் விதை புகை பட்டால் நன்றாக முளைக்கிறது என்று பெர்கன் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். தீ வைக்கும் வழக்கமே இல்லாத மலைப்பகுதி ஹெதருக்கு அந்தக் குணம் இல்லை. மனிதர் வைத்த தீக்குச் செடியே பழகியிருக்கிறது, பாருங்கள்!

எரிக்காமல் விட்டால் என்ன ஆகும்? 2014 ஜனவரியில் நார்வேயின் ஃப்ளாட்டாங்கர் பகுதியில் தெரிந்தது. பராமரிப்பின்றி முற்றி, காய்ந்து கிடந்த புதர்வெளியில் பலத்த காற்றோடு தீ பரவி, 60க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. அதே குளிர்காலத்து வறட்சியில் கரை நெடுக ஹெதர் பட்டுப்போனது. முதிர்ந்த செடிக்குத்தான் அடி அதிகம்.

2015இல் நார்வே அரசு கரையோர ஹெதர் வெளியைத் தனிக் கவனத்துக்குரிய வாழிட வகையாக அறிவித்தது. வரவேற்கத்தக்கதுதான். ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. மரம் சாய்வதும் புகை எழும்புவதும் படம் எடுக்க வசதியான வேலைகள். அதற்கு அடுத்த ஆண்டு முளைக்கும் ஸ்ப்ரூஸ் கன்றைக் குனிந்து பிடுங்குவதை யாரும் படம் எடுப்பதில்லை. ஆட்டுக் கணக்கும் அப்படித்தான்: கூடினால் ஹெதர் போய்ப் புல் மட்டும் மிஞ்சும்; குறைந்தால் மறுபடி புதர். மந்தையே இல்லாத தீவில் வெறுமனே எரிப்பது வீண் என்பேன். அந்தப் பணத்தில், பக்கத்துத் தீவில் ஆடு வளர்ப்பவருக்கு மந்தையை ஏற்றிவர ஒரு படகு வாங்கிக் கொடுக்கலாம்.