அயல்நாடு செல்வோரும் பிள்ளைகளின் போதனாமொழியும்

மருதமுனை தொடங்கிப் பொத்துவில் வரை நீண்டு கிடக்கும் கரையோர முஸ்லிம் ஊர்களிலே, வளைகுடா நாடொன்றில் ஒருவரேனும் தொழில் புரியாத தெருவைக் காண்பது அரிது. தொடக்கத்தில் இஃது ஆண்கள் தனித்துச் செல்லும் பயணமாகவே பெரும்பாலும் இருந்தது. பிள்ளைகள் உம்மம்மாவின் நிழலில் வளர்ந்தனர். காலையில் பாடசாலை, மாலையில் ஓதப்பள்ளி என நாள்கள் கழிந்தன. இன்றோ பொறியியலாளர், கணக்காளர் போன்றோர் குடும்ப விசாவுக்குப் போதிய சம்பளம் பெற்று, மனைவி மக்களையும் உடனழைத்துச் செல்கின்றனர். பயணச்சீட்டு வாங்கு முன்னரே எழ வேண்டிய வினா ஒன்று, பெரும்பாலும் அங்கு போய் இறங்கிய பின்னரே எழுகின்றது. பிள்ளையை எந்தப் பாடசாலையிற் சேர்ப்பது?

தோஹாவிலும் துபாயிலும் றியாதிலும் குடியேறும் தமிழ்க் குடும்பத்தின் முன் மூவகைப் பாடசாலைகள் நிற்கின்றன. இந்திய மத்திய வாரியத்தின் பாடத்திட்டத்தைப் பின்பற்றுவன ஒருவகை; கட்டணம் ஒப்பளவிற் குறைவு. கேம்பிரிட்ஜ், எடெக்செல் முதலிய பிரித்தானியப் பரீட்சைகளுக்கு ஆயத்தஞ் செய்வன மற்றொரு வகை. இவற்றுட் பலவற்றின் கட்டணம் வாப்பாவின் சம்பளத்திற் பெரும்பகுதியை விழுங்கிவிடும். இலங்கைச் சமூகத்தார் நிறுவியவை மூன்றாம் வகை. மஸ்கற்றிலுள்ள இலங்கைப் பாடசாலை 1990ஆம் ஆண்டிலே தோன்றியது. தோஹாவிலும் அத்தகைய பாடசாலை உண்டு. பெயரில் இலங்கை இருப்பதனால் ஊரிலுள்ளது போன்ற தமிழ்மொழிமூல வகுப்பு அங்கிருக்கும் என்று எண்ணுதல் ஆகாது. போதனாமொழி ஆங்கிலமே, தாய்மொழி கற்பிக்கப்பட்டால் ஒரு பாடமாகவே கற்பிக்கப்படும். அரபு மொழியும் இஸ்லாமும் பாடங்களாக அமைவது பெற்றோர்க்குப் பெரிதும் மனநிறைவு தருகின்றது. அது நியாயமானதே. ஆயினும் அரபு எழுத்தைத் தடையின்றி வாசிக்கும் பிள்ளை, ஊரிலிருந்து வரும் தமிழ்க் கடிதத்தை வாசிக்க இயலாது விழிக்கும் வீடுகளும் உண்டு.

இடர் முழுமையாகத் தெரிவது திரும்பி வரும்போதுதான். மூன்றாம் வகுப்பிற் சென்ற பிள்ளை ஒன்பதாம் வகுப்பிலே கல்முனைக்கு மீள்கிறதென்று கொள்வோம். கல்விப் பொதுத் தராதர சாதாரணதரப் பரீட்சையிற் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகியன கட்டாய பாடங்கள். அப்பிள்ளைக்கு ஆங்கிலமும் கணிதமும் எளியன. இலங்கை வரலாறோ அங்குக் கேள்விப்படாதது. தமிழ்க் கட்டுரை எழுதுவது மலையேறுவது போலாகும். இந்தியப் பாடசாலையிலே தமிழை இரண்டாம் மொழியாகக் கற்று வந்தவர்க்கும் ஒரு வியப்பு காத்திருக்கும். தமிழ்நாட்டு நூல்களில் இயற்பியல், வேதியியல், ஒளிச்சேர்க்கை என வருவன, இங்கே பௌதிகவியல், இரசாயனவியல், ஒளித்தொகுப்பு என நிற்கின்றன. மொழி ஒன்றே, கலைச்சொல் வேறு.

இன்னுமொரு செய்தியைப் பெற்றோர் பலர் காலந்தாழ்ந்தே அறிகின்றனர். அரசாங்கப் பல்கலைக்கழகங்களின் பல துறைகளுக்கு உள்நாட்டு உயர்தரப் பெறுபேற்றோடு மாவட்டப் பங்கீடும் கணக்கிலெடுக்கப்படுகின்றது. அம்பாறை, கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுள் ஒன்றாக வகுக்கப்பட்டு மேலும் ஒரு சலுகை பெறுவது. ஆனால் பிறந்த ஊரைக் கொண்டு மாவட்டம் தீர்மானிக்கப்படுவதில்லை. பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளிற் கற்ற பாடசாலையே அதனைத் தீர்மானிக்கும். இலண்டன் உயர்தரத்தோடு வருபவர்க்குத் திறந்திருக்கும் வாயில் மிக ஒடுங்கியது. ஒலுவிலில் வீட்டுக்கருகே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருந்தும், தனியார் நிறுவனத்தையோ வெளிநாட்டையோ நாட வேண்டிய நிலை இவ்வாறு நேர்வதுண்டு.

போதனாமொழியைப் பற்றிய இக்கலக்கம் இக்கரைக்குப் புதிதன்று. சிங்களவர்க்குச் சிங்களமும் தமிழர்க்குத் தமிழும் என விதி வகுக்கப்பட்ட காலத்திலே, முஸ்லிம்களுக்கு மும்மொழிகளுள் ஒன்றைத் தெரிவு செய்யும் உரிமை விடப்பட்டிருந்தது. உரிமை பெரிது, அதனால் எழுந்த வாதமும் பெரிது. 1942ஆம் ஆண்டிலே உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்த ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள், ஆங்கிலத்தில் ஆழ்ந்த புலமையுடையவராயிருந்தும், இலங்கை முஸ்லிம்களின் இல்லமொழி தமிழே என்று வாதிட்டார். அயலூராகிய காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. தமிழ்க் கலைச்சொல்லாக்கத்திற் பெரும்பணி புரிந்தவரும் அவரே. ஆங்கிலம் வேண்டுமாயின் தமிழைக் கைவிட வேண்டும் என்ற எண்ணத்துக்கு இவ்விருவர் வாழ்வும் மறுப்பாகும்.

பயணம் எத்தனை ஆண்டுக்கு என்பதே முதலிற் கணிக்க வேண்டியது. ஈராண்டு, மூவாண்டு ஒப்பந்தமாயின், அதுவும் பிள்ளை எட்டாம் வகுப்பைக் கடந்திருப்பின், உம்மாவும் பிள்ளையும் ஊரிலேயே தங்குவது கசப்பாயினும் தக்கது. சிறுபிள்ளையாயின் உடன் செல்லலாம். பெற்றோரைப் பிரிந்து வாழும் இழப்பை எந்தப் பரீட்சைப் பெறுபேறும் ஈடுசெய்யாது. பத்தாண்டுக்கு மேல் தங்குவோரும், பின்னர் மேலைநாடு செல்லக் கருதுவோரும் பிரித்தானியப் பாடத்திட்டத்தை நாடுவது பொருந்தும். திரும்புவது உறுதியெனின் எட்டாம் வகுப்புக்குள் திரும்பிவிடுவது நன்று.

மீள்வோர்க்கு ஊரில் ஒரு பாலமும் உண்டு. 2001, 2002ஆம் ஆண்டுகளிலிருந்து அரசாங்கப் பாடசாலைகள் சிலவற்றிற் கணிதம், விஞ்ஞானம் முதலியவற்றை ஆங்கிலத்திற் கற்பிக்கும் இருமொழி வகுப்புகள் நடைபெறுகின்றன. ஆனால் அவ்வகுப்பிலும் தாய்மொழியும் சமயமும் வரலாறும் தமிழிலேதான் கற்பிக்கப்படும். வேண்டிய வகுப்பு எந்தப் பாடசாலையில் உள்ளது, அதற்கு ஆசிரியர் உளரா என்பதை வலயக் கல்விப் பணிமனையிலே முற்கூட்டியே விசாரித்து வைத்தல் நலம்.

புறப்படும்போது பாடசாலை விடுகைப் பத்திரத்தையும் பிறப்புச் சான்றிதழையும் மறவாது எடுத்துச் செல்வோர், தமிழ், வரலாற்றுப் பாடநூல்களை மட்டும் வீட்டிலே விட்டுச் செல்கின்றனர். பெட்டியில் இடமில்லை என்பது பொருந்தாக் காரணம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள் இப்போது இணையத்திலும் கிடைக்கின்றன. வெள்ளிக்கிழமையில், ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரத்தை அந்நூல்களுக்கு ஒதுக்கினாற் போதும். வாசிப்பது மட்டுமன்றி, உம்மம்மாவுக்கு ஒரு பக்கக் கடிதமேனும் தமிழில் எழுதச் சொல்லலாம். தொலைபேசியிற் பேசுவதிலும் அந்தக் கடிதத்துக்காகவே அவர் காத்திருப்பார்.