கதை படிப்பது வீண் வேலையா?



'நான் விரும்பிப் படிப்பவையும் பார்ப்பவையும்' என்னும் தலைப்பை எனக்கு அளித்தார்கள். எளிய தலைப்பென்று ஒப்புக்கொண்டேன். பிறகுதான், நமது படிப்பகத்திற்கு இனிப் போட்டித் தேர்வு நூல்களை மட்டுமே வாங்குவது, கதை நூல்களுக்குப் பணம் ஒதுக்குவதில்லை என்றொரு கருத்து செயற்குழுவில் எழுந்திருப்பதை அறிந்தேன். ஆகவே அதற்கும் விடை கூற வேண்டியவனாகிறேன்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். பள்ளி நாட்களில் நான் ஓயாமல் படித்தவை துப்பறியும் கதைகளே. தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் அருந்திக்கொண்டே குற்றவாளியைக் கண்டுபிடிப்பார். நான் மண்ணெண்ணெய் விளக்கடியில் அவரோடு அலைவேன். அவற்றை உயர்ந்த இலக்கியமென்று வாதாட நான் வரவில்லை. ஆனால் ஒரு நூலை எடுத்தால் முடிக்கும்வரை கீழே வைக்காத பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது. பின்னாளில் தடித்த தேர்வு நூல்களைக் கண்டு நான் அஞ்சாமைக்கு அதுவே காரணம்.

பார்ப்பதில் என் விருப்பம், வாட்போர் நிறைந்த அரச கதைப் படங்கள். 1956இல் வெளிவந்த 'மதுரை வீரன்' படத்தைச் சில ஆண்டுகள் கழித்து எங்கள் ஊர் டூரிங் கொட்டகையில், தரை டிக்கெட் வாங்கி, மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்து பார்த்தேன். எம்.ஜி.ஆர். தோன்றியபோது கொட்டகையே அதிர்ந்தது. வீட்டுக்கு வந்து பாட்டனாரிடம் கதையைச் சொன்னேன். வீரன் அரசன் மகன், காட்டில் விடப்பட்ட குழந்தை, செருப்புத் தைக்கும் தம்பதியர் எடுத்து வளர்த்தனர் என்று சொல்லி வரும்போதே அவர் நிறுத்தினார்.

"ஏன்டா, எடுத்து வளத்தவங்களா? பெத்தவங்க இல்லியா?"

எனக்கு விடை தெரியவில்லை. அச்சில் வந்த கதைப்பாடலிலும் வீரன் அரசன் மகனென்றே இருப்பதைப் பின்னர் அறிந்தேன். வீரம் நம் குடிசையில் பிறந்திருக்க முடியாது, அரண்மனையிலிருந்து வந்து தங்கியிருக்கத்தான் முடியும் என்று கதை கட்டியவர்கள் எண்ணினார்கள் போலும்! அந்தப் படத்தை இன்றும் விரும்பியே பார்க்கிறேன். பாட்டனாரின் கேள்வியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கொள்கிறது.

பிறர் சொன்ன கதையில் நாம் இப்படியென்றால், நம்மவர் தாமே சொன்ன கதை எங்கே என்று தேடப் போய்த்தான் தன்வரலாறுகளிடம் வந்து சேர்ந்தேன். இரட்டைமலை சீனிவாசன் 1939இல் எழுதிய 'ஜீவிய சரித்திர சுருக்கம்' சிறு நூல். ஒரே மாலையில் முடித்துவிடலாம். மராத்தியில் தயா பவாரின் 'பலுதா' 1978இல் வந்தது. 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. நானோ இம்மேடையில் ஏட்டுத் தமிழ் பேசிக்கொண்டிருக்கிறேன். அவர் தம் தெருவின் பேச்சிலேயே எழுதினார். முதலில் அது எனக்கு உறுத்தியது; மறைப்பானேன்? நம் வீட்டுப் பேச்சு அச்சேறத் தகாதது என்று எனக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது.

அண்ணல் அம்பேத்கர் தம் இளமை அனுபவத்தை எழுதியிருக்கிறார். 1901இல் தந்தையைக் காணப் புத்தாடை உடுத்திப் புறப்பட்ட பிள்ளைகள் மசூர் இரயில் நிலையத்தில் இறங்குகின்றனர். சாதி தெரிந்ததும் வண்டிக்காரர் எவரும் ஏற்ற மறுக்கின்றனர். முடிவில் ஒருவர் இசைகிறார். இருமடங்கு கூலி, பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவர் பக்கத்தில் நடந்து வருவார். உணவு கையில் இருந்தது. தண்ணீர் கிடைக்கவில்லை. உண்ணாமலே படுத்தார்கள். குற்றவாளி யாரென்று முதலிலேயே தெரிந்திருந்தும், எந்தத் துப்பறியும் கதையையும் நான் இவ்வளவு பதைப்புடன் படித்ததில்லை.

திரையிலும் மாற்றம் வந்தது. 2018இல் வெளியான 'பரியேறும் பெருமாள்' படத்தில் சட்டம் பயிலும் மாணவனின் தந்தை, பெண் வேடமிட்டு ஆடும் கலைஞர். மகனுக்கு எந்த அரச வம்சமும் ஒட்டவைக்கப்படவில்லை. பாட்டனார் இருந்திருந்தால் கைப்பிடித்து அழைத்துப் போயிருப்பேன்.

செயற்குழுவினரே, தேர்வு நூல்களைத் தாராளமாக வாங்குங்கள். நானும் தேர்வெழுதிப் பணிக்கு வந்தவனே. பத்து ரூபாயில் இரண்டு ரூபாயைக் கதைக்கும் தன்வரலாற்றுக்கும் ஒதுக்குங்கள் என்றே கேட்கிறேன். சங்கர்லாலையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். என்னிடமிருந்த நூல்களில் இருபதை இன்று கொண்டு வந்திருக்கிறேன். வாசல் மேசைமேல் உள்ளன. செயலாளர் அவர்கள் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ள வேண்டுகிறேன்.