பிரித்துப் பொருத்தும் மரப்பந்தல்



மொழிக்கென அமைந்த மேடையில் தச்சு வேலையைப் பற்றிப் பேச எங்களை அழைத்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். விழாக் காலத்தில் மக்கள் கூடி அமர்வதற்காக நாங்கள் ஒரு மரப்பந்தலை வடிவமைத்தோம். அதன் உறுப்புகளுக்குத் தமிழ் எழுத்துகளைப் பெயராக இட்டோம். அதனால் நேர்ந்த நன்மையையும் குழப்பத்தையும் ஆசிரியப் பெருமக்களாகிய உங்கள்முன் வைக்க விரும்புகிறோம்.

பொங்கல் வந்தால் எங்கள் குடியிருப்புத் திடலில் வாடகைக் கூடாரம் எழும். விழா முடிந்ததும் கூடாரம் திரும்பிப் போகும். அலங்காரத்திற்கு வாங்கிய ஒட்டுப்பலகைகள் குப்பைக்குப் போகும். ஆண்டுதோறும் இதே செலவு. பிரித்து அடுக்கி வைத்து, மறு ஆண்டு மாணவர்களும் பெற்றோரும் தாமே எழுப்பக்கூடிய பந்தல் ஒன்றைச் செய்ய இயலாதா என்று எண்ணினோம்.

இது புதிய எண்ணமன்று. கோயில் தேரின் சிற்பம் நிறைந்த அடிப்பகுதி ஆண்டு முழுவதும் நிற்க, மரமும் மூங்கிலும் துணியும் கொண்ட மேற்பகுதியைத் திருவிழாவின்போது எழுப்பிப் பின்னர்ப் பிரித்துவிடுவர். நம் நாட்டிலேயே மற்றொரு சான்று உண்டு. கிளந்தானில் ஆற்றங்கரையில் நின்ற கம்போங் லாவுட் பள்ளிவாசல் 1960களில் வெள்ளத்தால் சேதமுற்றது. அதனை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, நீலாம் பூரிக்குக் கொண்டுசென்று மீண்டும் எழுப்பினர். மரத்தை மரத்தோடு பொருத்திக் கட்டியதால்தான் அது முடிந்தது. ஆணியைப் பிடுங்கினால் துளை விரியும். இரண்டு மூன்று விழாக்களுக்குப் பின் அத்துளை எதையும் பற்றாது. ஆப்பை அடித்து இறுக்கலாம், தட்டிக் கழற்றவும் செய்யலாம்.

எங்கள் பந்தலுக்கு ஒன்பது தூண்கள், பன்னிரண்டு உத்திரங்கள். தூண்கள் மூன்று வரிசைகளாக, வரிசைக்கு மூன்றாக நிற்கும். இடைவெளி 2.4 மீட்டர், கடையில் கிடைக்கும் எட்டடிப் பலகையை வீணாக்காமல் பயன்படுத்த உதவும் அளவு அது. நடுத்தூண் பார்வையை மறைக்கும் என்று சிலர் குறைகூறினர். மேடை நாடகத்திற்கு அது உண்மையே. ஆனால் நாங்கள் விரும்பியது சுற்றி அமர்ந்து பேசும் கூடம். பந்தற்கால் நடும் வழக்கமுடைய நமக்கு நடுவில் ஒரு கால் நிற்பது அயலாகத் தோன்றவில்லை.

மரத் தேர்வில் மொழியும் குறுக்கிட்டது. உறுதியான உள்ளூர் மரமாகிய செங்காலைப் பரிந்துரைத்தோம். எங்கள் குறிப்பில் ஒரு கால் விடுபட்டுப் போகவே, மாணவர் ஒருவர் 'செங்கல் தூண்' என்று படித்துவிட்டு, செங்கல்லை எப்படிப் பிரித்து அடுக்குவது என்று கேட்டார். இறுதியில் எடைதான் முடிவு செய்தது. நூறு மில்லிமீட்டர் சதுரத்தில் 2.7 மீட்டர் உயரமுள்ள தூண், செங்காலில் ஏறத்தாழ 26 கிலோ. மெராந்தியில் 15 கிலோ. தூக்குவோர் மாணவர்கள் என்பதால் மெராந்தியைத் தேர்ந்தோம்.

எடை குறைந்ததும் காற்று அச்சுறுத்தியது. வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று, 23 சதுர மீட்டர் துணிக்கூரையை ஏறத்தாழ 300 கிலோ விசையுடன் மேலே இழுக்கக்கூடும். ஆகவே மூலைக்கு ஒன்றாக, 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டிகளைத் தூண்களோடு பிணைத்தோம். அதே தொட்டியிலிருந்து குடிநீரும் வழங்கினால் தண்ணீர்ப் பந்தலாகவும் அமையுமே என்று மகிழ்ந்தோம். "மக்கள் குடிக்கக் குடிக்கப் பந்தல் எடை இழக்குமே?" என்று படிவம் இரண்டு மாணவி கேட்டார். குடிநீருக்குத் தனிக் குடம் வைத்தோம்.

இனி எழுத்துகளுக்கு வருவோம். எந்த உத்திரமும் எந்தத் தூணிலும் பொருந்த வேண்டும் என்பதே எங்கள் முதல் நோக்கம். கையால் செதுக்கிய முனைகளில் அது கைகூடவில்லை. ஒரு துளை சற்றுத் தளர்ந்தது, ஒன்று இறுகியது. ஒவ்வொரு முனைக்கும் அதற்குரிய இடத்தைக் குறித்தாக வேண்டியதாயிற்று.

ஒன்பது தூண்களுக்கு 'க்' முதல் 'ப்' வரை ஒன்பது மெய்கள். பன்னிரண்டு உத்திரங்களுக்குப் பன்னிரண்டு உயிர்கள். உத்திரமும் தூணும் சேரும் இடத்தில் உயிர்மெய். 'ந்' தூணையும் 'ப்' தூணையும் இணைக்கும் 'ஊ' உத்திரத்தின் ஒரு முனையில் 'நூ', மறுமுனையில் 'பூ'. நடுத்தூணாகிய 'ட்' நான்கு உத்திரங்களைத் தாங்கும்: டி, டீ, டே, டோ. மொத்தம் இருபத்து நான்கு பொருத்துகள். ஒரு பெயர் இருமுறை வாராது. உயிரும் மெய்யும் சேர்வதைக் கரும்பலகையில் கண்ட சிறுவர்கள் அதனைத் தோளில் சுமந்தனர். எந்தச் சொல்லிலும் கண்டிராத 'ஞொ'வையும் ஒரு சிறுமி உரிமையோடு தேடி எடுத்தாள்.

முதன்முறை எழுப்பியபோது, தூணருகே நின்றவர் "ணீ!" என்று கூவினார். அப்பால் இருந்த மாணவன், "நீ" என்று தன்னை அழைப்பதாக எண்ணி, உத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். அதற்குச் சிரித்தோம். பின்னர் 'ண்' தூணுக்குரிய முனை 'ந்' தூணில் அடித்து ஏற்றப்பட்டு, துளையின் ஓரம் பிளந்தது. அப்போது எவரும் சிரிக்கவில்லை. எழுத்தைக் கண்ணால் பார்த்திருந்தால் தவறு நேர்ந்திராது. ஒலியை நம்பினோம், எங்கள் ஒலிப்பில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

'ண்' தூணுக்கு 'ம்' என்று பெயர் மாற்றிவிடலாம் என்பது எங்களுட் பெரும்பாலோர் கருத்து. வடிவமைப்பாளர் நோக்கில் அதுவே முறை: தவறுக்கு இடந்தரும் உறுப்பை நீக்குதல். குழுவிலிருந்த தமிழாசிரியர் உடன்படவில்லை. நாவைத் திருத்துவதை விட்டு எழுத்தை ஒதுக்கினால், அடுத்து லகர ளகர ழகரங்களையும் ஒதுக்குவீர்களா என்று கேட்டார். நெடுநேரம் வாதிட்டோம். பிளவுண்ட மரத்திற்கு யார் பொறுப்பு என்ற எங்கள் வினாவும் நேர்மையானதே. இறுதியில் 'ண்' நின்றது. பந்தல் எழுப்பும் நாளன்று, வேலைக்கு முன் கால் மணி நேரம், நுனிநாவை மேலே வளைத்து 'ண'வையும் மேற்பல்லின் அடியைத் தொட்டு 'ந'வையும் அனைவரும் ஒலித்துப் பழகுவதென்று முடிவாயிற்று. தமிழறியாத அண்டை வீட்டாரும் உடன் ஒலித்தனர். அவர்களில் சிலரின் ணகரம் எங்களுடையதைவிடத் தெளிவாக இருந்ததை மறைப்பதற்கில்லை.

இப்போது பந்தல் பள்ளிக் கொட்டகையில் அடுக்கப்பட்டுள்ளது. தரையோடு வைத்தது எங்கள் பிழை. 'ணௌ' முனையைக் கறையான் அரித்துள்ளது. பொங்கலுக்குள் அதனைப் புதிதாகச் செதுக்கியாக வேண்டும். உளி பிடிக்க விரும்பும் மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் எங்களிடம் பெயர் தரலாம்.