அந்தமானில் எட்டு நாட்கள்: பார்த்ததும், பார்க்காமல் விட்டதும்

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நமது செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "குடும்பத்தோடு டூர் போய் வந்தீர்களாமே, அதைப் பற்றி அரை மணி பேசுங்களேன்" என்றார். போன கூட்டத்தில் நண்பர் ஒருவர் லண்டன், பாரீஸ், ரோம், வியன்னா என்று ஐரோப்பாவையே திரையில் படம் போட்டுக் காட்டினார். அதற்குப் பின்னால் அந்தமான் என்றால் சப்பென்று இருக்குமோ என்று தயங்கினேன். "அதெல்லாம் இல்லை, பேசுங்கள்" என்று அவர் வற்புறுத்தியதால் உங்கள் முன் நிற்கிறேன். நன்றாக இல்லையென்றால் பொறுப்பு அவருடையது!

உண்மையைச் சொன்னால், எங்கள் ஆத்திலும் முதல் திட்டம் ஐரோப்பாதான். பன்னிரண்டு நாளில் ஆறு நகரங்கள் என்று மாப்பிள்ளை பட்டியலே போட்டுவிட்டார். என் தாயாருக்கு வயது எண்பத்தொன்று. "அந்தக் குளிரும் அலைச்சலும் எனக்கு ஆகாதுடா, என்னை விட்டுட்டுப் போங்கோ" என்றாள். எனக்கு மனசு வரவில்லை. மூன்று தலைமுறையும் சேர்ந்து போகக்கூடிய இடமாகப் பார்ப்போம் என்று அந்தமானைத் தேர்ந்தெடுத்தோம். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரம் சொச்சம்தான். கப்பலில் போனால் ஏறக்குறைய மூன்று நாள்.

அம்மாவிடம் சொன்னபோது வந்த முதல் பதில்: "அந்தமானா? நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

சிரிக்காதீர்கள். அவள் தலைமுறைக்கு அந்தமான் என்றால் தீவாந்தர சிட்சை. 1908-ல் வ.உ.சி. அவர்களுக்குத் திருநெல்வேலியில் விதித்ததும் தீவாந்தர தண்டனைதான். அப்பீலில் அது குறைக்கப்பட்டு, அவர் கோயம்புத்தூர், கண்ணூர் சிறைகளில் செக்கிழுத்தார். அந்தப் பெயரைக் கேட்டு பயந்தே வளர்ந்தவர்கள் நம் பெரியவர்கள்.

ஊரும் பெயரும்

ஒரு தை மாதத்தில் ஏழு பேராகப் புறப்பட்டோம். அம்மா, நான், என் மனைவி, பெண், மாப்பிள்ளை, பேரன், பேத்தி. நாம் படித்த போர்ட் பிளேருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பழைய பெயர் 1789-ல் அங்கே வந்து நில அளவை செய்த ஆர்ச்சிபால்டு பிளேர் என்ற கடற்படை அதிகாரியுடையது. புதுப் பெயரைக் கேட்டால் நமக்கு ராஜேந்திர சோழன் ஞாபகம் வரும். அவனுடைய மெய்க்கீர்த்தியில் வரும் மாநக்கவாரம்தான் இன்றைய நிக்கோபார். ஆயிரம் வருஷத்துக்கு முன் 1025-ல் ஸ்ரீவிஜயத்தின் மீது அவன் படையெடுத்த கடல் வழியில்தான் இந்தத் தீவுகள் இருக்கின்றன.

இறங்கியதும் நமக்கு ஆச்சரியம் தருவது தமிழ். 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி அங்கே இருந்தது 3,80,581 பேர். நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தாய்மொழி தமிழ். வங்காளிகள்தான் அதிகம். 1964-ல் சாஸ்திரியும் ஸ்ரீமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய நம்மவர்கள் சிலரை நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டங்களில் குடியேற்றினார்கள். எங்கள் வண்டி ஓட்டுநரும் தமிழர்தான். அவருடைய தகப்பனார் ராமநாதபுரத்திலிருந்து கூலி வேலைக்கு வந்தவராம். வெற்றிமலை முருகன் கோவிலுக்கு அவரே அழைத்துப் போனார். முருகனைப் பார்த்த பிறகுதான் அம்மாவுக்கு பயம் தெளிந்தது.

இன்னொரு விசேஷம் சூரியன். கடிகாரம் நம் கடிகாரம்தான், ஆனால் சூரியன் சென்னையைவிட சுமார் ஐம்பது நிமிஷம் முன்னாலேயே உதித்து விடுகிறான். ஜனவரியில்கூட மாலை ஐந்தேகால் வாக்கில் அஸ்தமனம். சந்தியாவந்தனம் செய்பவர்கள் கடிகாரத்தை நம்பாமல் வானத்தைப் பார்க்க வேண்டும்!

செல்லுலர் சிறை

1858 மார்ச்சில் முதல் 200 கைதிகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். 1857 எழுச்சியில் பிடிபட்டவர்களைத் தொலைவில் கொண்டுபோய் அடைப்பதற்காகத் தொடங்கிய குடியிருப்பு அது. செல்லுலர் சிறை பிறகு வந்தது. 1896-ல் ஆரம்பித்து 1906-ல் கட்டி முடித்தார்கள். நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் போல ஏழு கட்டிடங்கள், ஒவ்வொன்றும் மூன்று மாடி. ஒரு கட்டிடத்தின் முகப்பு அடுத்த கட்டிடத்தின் முதுகைப் பார்த்திருக்கும். ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்கவே கூடாது என்று திட்டமிட்டுக் கட்டியது. இன்று மிஞ்சியிருப்பது மூன்று கட்டிடங்கள்.

செக்கில் மனிதனைப் பூட்டி ஒரு நாளைக்கு முப்பது பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்டச் சொல்வார்களாம். ஆட்டாவிட்டால் கசையடி. சாவர்க்கரும் அவருடைய தமையனார் கணேஷும் இங்கே இருந்தவர்கள். பஞ்சாபைச் சேர்ந்த பண்டிட் ராம் ரக்கா என்பவரிடம் பூணூலைக் கழற்றச் சொன்னார்கள். அவர் அன்னத்தைத் தொட மறுத்து அங்கேயே உயிரை விட்டார். 1933 மே மாத உண்ணாவிரதத்தில் மகாவீர் சிங், மோஹித் மொய்த்ரா, மோகன் கிஷோர் நாமதாஸ் என்ற மூன்று பேர் இறந்து போனார்கள். பலவந்தமாகக் குழாய் வழியாகப் பால் புகட்டியதில் வந்த வினை. எல்லா மாகாணத்துக்காரர்களும் எல்லா மதத்துக்காரர்களும் இருந்த இடம் அது. 1979-ல் மொரார்ஜி தேசாய் அதை தேசிய நினைவுச் சின்னமாக அர்ப்பணித்தார்.

பேரனுக்கு வயது பன்னிரண்டு. ஓர் அறைக்குள் போய் நின்று, கதவைச் சாத்தச் சொன்னான். அரை நிமிஷத்தில், "போதும் தாத்தா, திறங்கோ" என்றான். தாழ்ப்பாள் கைக்கெட்டாத தூரத்தில் சுவருக்குள் பதிந்திருப்பதை அவனே எனக்குக் காட்டினான். மாலையில் ஒலி, ஒளிக் காட்சியும் பார்த்தோம்.

கிழக்கின் பாரீஸ்

மறுநாள் படகில் பத்து நிமிஷப் பயணத்தில் ராஸ் தீவு. 2018 டிசம்பரிலிருந்து அதற்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர். வெள்ளைக்காரர்கள் காலத்தில் இதுதான் தலைநகரம். மாதா கோவில், ரொட்டி அடுப்பு, நடன மண்டபம் என்று சகல வசதியும் இருந்ததால் 'கிழக்கின் பாரீஸ்' என்பார்களாம். "பாத்தேளா மாப்பிள்ளை, நீங்க ஆசைப்பட்ட பாரீஸ் வந்தாச்சு" என்றாள் என் மனைவி. 1941 பூகம்பமும், 1942-ல் வந்த ஜப்பானியர்களும் அந்த வாழ்வை முடித்து வைத்தார்கள். இன்று ஆலமர வேர்கள் சுவர்களை இறுகக் கட்டிப் பிடித்திருக்கின்றன. நடன மண்டபம் இருந்த பக்கம் மான்கள் மேய்கின்றன.

ஹேவ்லாக் தீவுக்கு ஸ்வராஜ் தீவு என்றும், நீல் தீவுக்கு ஷஹீத் தீவு என்றும் அதே சமயத்தில்தான் பெயர் மாற்றினார்கள். ஸ்வராஜ் தீவின் ராதாநகர் கடற்கரையை 2004-ல் டைம் பத்திரிகை ஆசியாவிலேயே சிறந்தது என்றது. மணல் மாவு மாதிரி இருக்கிறது. அம்மா கணுக்கால் அளவு தண்ணீரில் அரை மணி நேரம் நின்றாள். இந்த நீல் யார் தெரியுமோ? 1857-ல் அலகாபாத், கான்பூர் பக்கம் கொடூரம் செய்த ஜேம்ஸ் நீல்தான். நம் மவுண்ட் ரோடிலே அவருக்குச் சிலை இருந்தது. 1927-ல் அதை அகற்றச் சொல்லி சத்தியாக்கிரகம் நடந்து பலர் ஜெயிலுக்குப் போனார்கள். 1937-ல் ராஜாஜி மந்திரிசபை அதை எடுத்து மியூசியத்தில் போட்டது. சிலை போய் எண்பது வருஷம் கழித்துத்தான் தீவிலிருந்து அவர் பெயர் போயிற்று! அங்கே உள்ள ஊர்ப் பெயர்களோ ராம்நகர், சீதாபூர், பரத்பூர், லக்ஷ்மண்பூர். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் வாழும் தீவு. அம்மாவுக்கு ராமாயணத்துக்குள்ளேயே போய் வந்த திருப்தி.

போகாத இடம்

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். ஆறாம் நாள் பாராடாங் தீவு என்று ஏற்பாடு. சுண்ணாம்புக் குகைகளும், சேற்றுக் குமிழி விடும் சின்ன எரிமலையும் அங்கே இருக்கின்றன. போகிற சாலை ஜாரவா என்ற பழங்குடிகளின் காட்டுக்குள் புகுந்து செல்கிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகளைச் சேர்த்து, போலீஸ் காவலோடு வரிசையாக அனுப்புகிறார்கள். நடுவில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது. முந்தின நாள் ஓட்டலில் ஒருவர் பேரனிடம், "அதிர்ஷ்டம் இருந்தா ஜாரவா கண்ணில் படுவா" என்று சொல்லிவிட்டார். பையன் குதிக்க ஆரம்பித்துவிட்டான்.

ஜாரவாக்கள் மொத்தமே நானூறு, ஐந்நூறு பேர். 1990-களின் கடைசி வரை வெளியாட்களை நெருங்க விடாதவர்கள். பழகத் தொடங்கிய சூட்டோடு 1999-ல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. கிரேட் அந்தமானீஸ் என்ற இன்னொரு கூட்டத்தார் 1858-ல் பல ஆயிரம் பேர் இருந்தார்கள். வந்தவர்கள் கொண்டுவந்த வியாதிகளிலேயே பெரும்பாலோர் மாண்டு, இன்று சில பத்துப் பேர்தான் மிச்சம். அவர்களில் போ என்ற மொழியைப் பேசிய கடைசிப் பெண்மணி 2010 ஜனவரியில் காலமானார். அவரோடு அந்த மொழியும் போயிற்று. ஜாரவா காட்டு வழியே போகும் சாலையை மூடச் சொல்லி 2002-ல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. ஆனால் வடக்கே இருக்கும் ஊர்களுக்கும் அதுதான் வழி என்பதால் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. 2012-ல், சாப்பாட்டைக் காட்டி அந்தப் பெண்களை ஆட வைத்த வீடியோ வெளியாகி உலகமே காறித் துப்பியது.

இதையெல்லாம் எங்கள் ஓட்டுநர் பாதி சொன்னார், மாப்பிள்ளை செல்போனில் பார்த்து மீதியைப் படித்தார். இரவு அறையில் பெரிய விவாதம். "பணம் கட்டியாச்சு, நாம குகைக்குத்தானே போறோம், சட்டப்படி தப்பில்லையே" என்றார் மாப்பிள்ளை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. மூலையில் ஜபமாலையோடு இருந்த அம்மா வாய் திறந்தாள்.

"நாங்க அக்ரஹாரத்துல இருந்தப்போ, விடியக்காலம் மடிசாரோட வாசல்ல கோலம் போட்டுண்டிருப்பேன். பஸ்ஸில வந்து இறங்கி நாலு பேர் போட்டோ எடுப்பா. என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒரு நாள் ஒருத்தன் என் தலைக்கு மேலேயே குனிஞ்சு எடுத்தான். கோலத்தைப் பாதியில விட்டுட்டு உள்ளே போய் அழுதேன். உங்க அப்பாகிட்டகூடச் சொல்லல்லை. அவன் ஒண்ணும் பண்ணல்லை, பாத்தான், அவ்வளவுதான். ஆனா நான் அவனுக்கு ஒரு மனுஷியாவே படல்லை. அந்தக் காட்டுல இருக்கறவாளும் கார்த்தால எழுந்து அவாவா வேலையைப் பாக்கறவாதானேடா?"

நான் அம்மா வாயிலிருந்து இதை அன்றுதான் முதல் தடவை கேட்டேன். யாரும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து மாப்பிள்ளை எழுந்து வெளியே போய், ஏற்பாடு செய்தவருக்கு போன் செய்து பாராடாங்கை ரத்து செய்தார். கட்டிய பணம் திரும்பி வரவில்லை. பேரன் அன்று ராத்திரி என்னோடு பேசவும் இல்லை.

மறுநாள் மானுடவியல் அருங்காட்சியகத்துக்கும், 1883-ல் தொடங்கிய சாத்தம் மர அறுவை ஆலைக்கும் போனோம். அருங்காட்சியகத்தில் வில்லையும் அம்பையும் படகையும் கூடையையும் பார்த்துக்கொண்டே வந்த பேரன், 2004 சுனாமியின்போது இந்தப் பழங்குடிகள் மேட்டுப் பக்கம் போய்த் தப்பித்தார்கள் என்று கேட்டதும், "நம்ம யாருக்கும் தெரியாதது அவாளுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டான். சாயங்காலம் வரை அதே கேள்விதான். குகை பார்க்காத குறை அவனுக்கு இன்னமும் கொஞ்சம் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பாராடாங் போய் வந்தவர்கள் இந்தச் சபையில் இருக்கலாம். அவர்களை நான் குறை சொல்லவில்லை. நாங்கள் போகாததால் அன்றைக்கு அந்த வரிசையில் ஒரு வண்டி குறைந்தது, அவ்வளவுதான். ஆனால் ஊர் பார்க்கக் கிளம்பும்போது, பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போடுகிற நாம், அங்கே இருப்பவர்கள் நம்மைப் பார்க்க விரும்புகிறார்களா என்பதையும் ஒரு நிமிஷம் யோசிக்கலாம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். அது காடாக இருந்தாலும் சரி, ஐரோப்பாவில் ஒரு தெருவாக இருந்தாலும் சரி.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். டிசம்பரிலிருந்து மார்ச் வரை நல்ல சீஸன். தீவுக்குத் தீவு போகும் கப்பல் டிக்கெட்டை முன்னதாகவே வாங்கிவிடுங்கள். கடல் கொந்தளித்தால் ரத்தாகும், ஆகையால் திரும்பும் விமானத்துக்கு முன் ஒரு நாளைக் காலியாக வையுங்கள். தலைநகரில் சைவச் சாப்பாடு தாராளமாகக் கிடைக்கிறது. சின்னத் தீவுகளுக்குப் புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் கூட வரட்டும். லக்ஷ்மண்பூரில் உள்ள இயற்கைப் பாறைப் பாலத்தைக் கடல் வற்றும் நேரம் கேட்டுக்கொண்டு போய்ப் பாருங்கள். பாறை வழுக்கும், பெரியவர்களை மேலேயே உட்கார வையுங்கள். நிக்கோபார் பழங்குடிப் பகுதி, அங்கே நாம் நினைத்தபடி போக முடியாது. வயதான அம்மா, அப்பா இருந்தால் அவசியம் கூட்டிக்கொண்டு போங்கள். இத்தனை வருஷம் சொல்லாததை அங்கே சொன்னாலும் சொல்வார்கள்.