ஒரு நாளுக்கு ஒரே ஓர் இடம்



வெளிநாட்டில் இருக்கும் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ போய் மாதக்கணக்கில் தங்கி வருவது இப்போது நம் குடும்பங்களில் புதிய செய்தி இல்லை. பிரிட்டன் என்றால் பார்வையாளர் விசாவில் வழக்கமாக 6 மாதம் வரை இருக்கலாம். அவ்வளவு நாள் கையில் இருக்கும்போது ஓர் ஊரை எப்படிப் பார்ப்பது? லண்டனை வைத்துக்கொண்டு இதைச் சொல்கிறேன். தம்பி வீடு அங்கே. அம்மாவோடும் தம்பி மகனோடும் அந்த ஊரைச் சுற்றியபோதுதான், அவசரமில்லாமல் ஊர் பார்ப்பதும் ஒரு கலை என்ற எண்ணம் எனக்கு உறுதிப்பட்டது.

பல வீடுகளில் நடப்பது வேறு. திங்கள் முதல் வெள்ளி வரை பெரியவர்கள் வீட்டுக்குள்ளேயே இருப்பார்கள். சமையல், பேரக் குழந்தை, ஜன்னல். சனிக்கிழமை வந்துவிட்டால் பிக் பென், லண்டன் ஐ, டவர் பிரிட்ஜ், பக்கிங்ஹாம் அரண்மனை நான்கையும் ஒரே மூச்சில் முடித்தாக வேண்டும். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு போட்டோ. சாயங்காலம் பாட்டிக்குக் கால் வீங்கியிருக்கும், குழந்தை தோளில் சாய்ந்து தூங்கியிருக்கும். பிள்ளைகள் அன்பில்லாமல் இப்படிச் செய்வதில்லை. பெற்றோருக்கு எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற ஆசைதான். ஆனால் மாதக்கணக்கில் தங்க வந்தவருக்கு, இரண்டு நாளில் விமானம் ஏறப்போகிறவரின் அட்டவணை எதற்கு?

நான் சொல்லும் முறை எளியது. ஒரு நாளில் ஓர் இடம். அந்த இடத்திலும் ஒரு மூலை. யார் மெதுவாக நடக்கிறாரோ அவர் வேகம்தான் எல்லோருக்கும். பிடித்துப்போனால் அடுத்த வாரமும் அங்கேயே போகலாம். இதற்கு லண்டன் மிகவும் தோதான ஊர். இங்கிலாந்தின் தேசிய அருங்காட்சியகங்களில் நிரந்தரக் காட்சிகளைப் பார்க்க 2001 டிசம்பர் முதல் கட்டணம் இல்லை. இந்த ஏற்பாட்டின் அருமை காசு மிச்சமாவதில் மட்டும் இல்லை. பணம் கொடுத்து உள்ளே போனால், கொடுத்த பணத்துக்குப் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்று கால் கடுக்க நிற்போம். இலவசம் என்றால் அரை மணி நேரத்தில் வெளியே வர மனம் வரும். நாளைக்கு மறுபடி வரலாம் என்ற தைரியம் இருக்கும். குழந்தையையும் முதியவரையும் கூட்டிப் போகிறவர்களுக்கு இந்தத் தைரியம்தான் முக்கியம்.

டிரஃபால்கர் சதுக்கத்தில் இருக்கிற நேஷனல் கேலரியின் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். 1824-இல் வெறும் 38 ஓவியங்களோடு தொடங்கிய இடம் அது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழும் என்று அஞ்சி, ஓவியங்களையெல்லாம் லண்டனிலிருந்து அகற்றி, பிறகு வேல்ஸ் மலைக்குள் இருந்த மானட் என்ற பலகைக்கல் சுரங்கத்தில் பத்திரப்படுத்தினார்கள். கேலரியின் சுவர்கள் காலியாகிவிட்டன. ஊரோ பல இடங்களில் இடிந்து கிடந்தது. அப்போதும் ஜனங்களுக்கு ஓவியம் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் இருந்திருக்கிறது. 1942-இல் நிர்வாகம் ஒரு முடிவு செய்தது: மாதத்துக்கு ஒரே ஓர் ஓவியத்தை மட்டும் சுரங்கத்திலிருந்து கொண்டுவந்து வைப்பது. அந்த ஒன்றைப் பார்க்க ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவ்வளவு பெரிய கட்டடத்தில் ஒரே ஒரு படத்தின் முன்னால் நின்ற அந்தக் கூட்டத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இன்று அங்கே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்கள் இருக்கின்றன. மூன்று மணி நேரத்தில் எல்லா அறைகளையும் கடந்துவிட்டு வருகிறவர்களுக்கு ஒன்றுகூட மனதில் தங்குவதில்லை.

நாங்கள் எடுத்துக்கொண்டது யான் வான் ஐக் 1434-இல் வரைந்த ஆர்னோல்ஃபினி தம்பதியின் ஓவியம். பெரியதல்ல; உயரம் ஒரு மீட்டர்கூட இல்லை. ஓர் அறை, கைகோத்து நிற்கும் கணவனும் மனைவியும், காலடியில் ஒரு நாய்க்குட்டி. தம்பி மகனுக்கு நாயை விட்டுக் கண் நகரவில்லை. அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, “செருப்பைக் கழட்டி ஓரமா விட்டிருக்கான் பாரு” என்றாள். ஆமாம், இடது மூலையில் மரச்செருப்பு ஒரு ஜோடி. “பகல்ல எதுக்கு மெழுகுவத்தி?” என்று அடுத்த கேள்வி. மேலே தொங்கும் பித்தளை விளக்கில் ஒற்றை மெழுகுவத்தி எரிகிறது. ஜன்னல் ஓரத்தில் ஆரஞ்சுப் பழங்கள். அந்தப் பெண் பிள்ளைத்தாய்ச்சி என்று அம்மா தீர்மானமாகச் சொன்னாள். கனமான உடையை வயிற்றருகே சேர்த்துப் பிடித்துக்கொள்வது அந்தக் காலத்து நாகரிகம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அம்மா அதை ஒப்புக்கொள்ளவில்லை. பின்சுவரில் ஒரு குவிந்த கண்ணாடி மாட்டியிருக்கிறது. அதற்குள் இந்த இருவரின் முதுகும், வாசலில் நிற்கிற வேறு இரண்டு பேரும் பொடியாகத் தெரிகிறார்கள். அதைப் பையன்தான் கண்டுபிடித்தான். “பாட்டி, அது நாமதானா?” என்று கேட்டான். அன்றைக்கு வேறு படம் எதையும் நாங்கள் பார்க்கவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, கொண்டுபோன புளிச்சாதத்தைச் சாப்பிட்டோம்.

தேம்ஸ் நதியையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். படகுச் சவாரி நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் தென்கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பதில் வேறொரு லாபம் உண்டு. லண்டனுக்குள் ஓடும் தேம்ஸ் கடலின் ஏற்ற இறக்கத்துக்குக் கட்டுப்பட்டது. மேற்கே டெடிங்டன் மதகு வரைக்கும் ஓதம் ஏறும். லண்டன் பாலத்தருகே உயர்ந்த மட்டத்துக்கும் தாழ்ந்த மட்டத்துக்கும் நடுவே 7 மீட்டர் வரைகூட வித்தியாசம் வரும். காலையில் மதில் வரை தளும்பிய தண்ணீர் மத்தியானம் கீழே போய், சேறும் கூழாங்கல்லுமாகக் கரை வெளியே கிடக்கும். மிதந்து போகும் ஒரு கட்டை கிழக்கே போவதையும், சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் இன்னொரு கட்டை மேற்கே வருவதையும் பார்க்கலாம். காவிரிக் கரையில் பிறந்த அம்மாவுக்கு, ஓர் ஆறு வந்த வழியே திரும்பிப் போவது பெரிய ஆச்சரியம். படகில் ஏறி இறங்குகிற அவசரத்தில் இது கண்ணில் படாது.

பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. சுரங்க ரயில் வேகமானது. வேகம்தான் அதன் குறை. மாடி பஸ்ஸில் மேல்தளத்து முன்சீட்டு கிடைத்துவிட்டால் ஊர் தானாகவே கண்முன் வரும். 24-ஆம் எண் பஸ் ஹாம்ப்ஸ்டெட் ஹீத்தில் புறப்பட்டு, கேம்டன் டவுன், டிரஃபால்கர் சதுக்கம், நாடாளுமன்றம் என்று கடந்து பிம்லிகோ போகிறது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஏறக்குறைய அதே வழி. முதல் பஸ்ஸில் கட்டணக் கருவியில் கார்டைத் தொட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் ஒரே கட்டணம்தான். 11 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு பஸ் இலவசம். டிரைவர் காசு வாங்கமாட்டார், கார்டு அவசியம். இதை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரே ஒரு தடத்தைத் தனியாகப் போய்வரக் கற்றுக்கொண்ட அம்மாவோ அப்பாவோ அதற்குப் பிறகு சனிக்கிழமைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் முதல் வாரமே செய்ய வேண்டிய உதவி அதுதான்: ஒரு கார்டு, ஒரு தடம், சேர்ந்து இரண்டு தடவை பயணம்.

மாதத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். ஜூன் மாதத்திலோ இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். ஆறு மணிக்கு வேலையிலிருந்து திரும்பும் மகனுக்கும் மருமகளுக்கும் அதற்கு மேல் மூன்று மணி நேரப் பகல் மிச்சம். பக்கத்துப் பூங்காவுக்கு நடந்து போய், புல்லில் துணி விரித்து, எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடலாம். லண்டனில் எங்கள் குடும்பம் மனம்விட்டுப் பேசியது பெரும்பாலும் அந்த வெளிச்சத்தில்தான். பெயர்பெற்ற எந்த இடத்திலும் அந்தப் பேச்சு வரவில்லை.

இந்த முறையில் இழப்பும் உண்டு. லண்டன் டவருக்குள் நாங்கள் போகவே இல்லை. அங்கே இருக்கிற கோஹினூர் வைரத்தைப் பார்த்தாயா என்று ஊரில் கேட்டவர்களுக்கு அம்மா இல்லை என்றுதான் சொன்னாள். சிலருக்கு அது பெரிய குறை. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கடைசியாகப் பிரிட்டிஷ் அருங்காட்சியகம். அங்கே ஆசியப் பகுதியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஆந்திரத்து அமராவதி ஸ்தூபத்தின் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் இருக்கின்றன. 1845-இல் பிரிட்டிஷ் அதிகாரி வால்ட்டர் எலியட் தோண்டியெடுத்து மதராசுக்கு அனுப்பியவை அவற்றில் பெரும்பங்கு. வருஷக்கணக்கில் மதராசில் கிடந்து, 1859-இல் கப்பலேறி லண்டன் போய்ச் சேர்ந்தன. ஆனை, தாமரை, மாலை சுமக்கும் குள்ளர்கள் என்று ஒவ்வொரு கல்லாக அம்மா பார்த்தாள். அதே ஸ்தூபத்தின் இன்னும் ஏராளமான கற்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன என்று சொன்னேன். “அப்படியா? அது நம்ம வீட்டுலேருந்து எத்தனை தூரம்?” என்று கேட்டாள். சென்னை திரும்பியதும் கூட்டிப் போனேன். எழும்பூரில் வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலையிலேயே போனால் கூட்டம் இருக்காது. அமராவதிக் கூடத்தில் ஒரே ஒரு தூண் முன்னால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.